ஒயில் இல்லாத பெற்றோல்

1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. கார்பரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஆட்கள் நாங்கள். எதை ஊற்றினாலும் இஞ்சின் ஓடும் என்ற துணிவோடுதான் நோர்வேக்கு வந்தேன்.

முதல் குளிர்காலத்தில் விறகு அரிய அயல்வீட்டுக் கிழவர் தன் செயின்சோவைத் தந்தார். பெற்றோல் முடிய, காருக்கென்று வைத்திருந்த கலனில் இருந்ததை அப்படியே ஊற்றினேன். சில நிமிடத்தில் கீச்சிட்டு நின்றது. பிஸ்டன் இறுகிவிட்டது. கிழவர் ஏசவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. திருத்தக் காசு கொடுத்து முடிக்க மூன்று மாதம் ஆனது.

டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்குள் ஒயில் தங்கத் தனி இடமில்லை. பெற்றோலோடு கலந்து போகும் ஒயில்தான் பிஸ்டனையும் பெயரிங்கையும் காப்பாற்றுகிறது. இன்றைய வாள்களில் பெரும்பாலானவற்றுக்கு 50க்கு 1: அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் டூ ஸ்ட்ரோக் ஒயில். கார் ஒயில் உதவாது. எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை இழுக்கும். நாட்பட்டால் கார்பரேற்றரைக் கெடுக்கும். இப்போது நான் வாங்குவது ஒயில் கலந்தே வரும் அல்கிலேற் பெற்றோல். விலை கூடத்தான். ஆனால் நெடுநாள் கெடாது, பென்சீனும் இல்லையென்ற அளவுதான்.

கார்க் கலனில் மட்டும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘ஒயில் இல்லை’.