இரண்டு டயல் டோன்கள்

2001 ஐப்பசி. பிஎஸ்என்எல் பிறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கோயம்புத்தூரை ஒட்டிய ஒரு நூற்பாலையில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறு அறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் ஆலையின் உள் போன்களையும் வெளி லைனையும் இணைக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டி. பக்கத்தில் அடுக்கடுக்காக க்ரோன் மாட்யூல்கள், ஒன்றுக்குப் பத்து ஜோடிக் கம்பிகள். ஸ்பின்னிங், கேண்டீன், வாட்ச்மேன் அறை என்று பென்சிலில் எழுதிய பெயர்களின் மேல் பஞ்சுத் தூசு படிந்திருந்தது.

போன் வேலைக்கு வந்தவர்கள் இருவர். மூத்தவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். உதவிக்கு வந்த பையன் வேலைக்குப் புதியவன். கேபிளை உரித்ததும் அவன் வாய்ப்பாடு போல ஒப்பித்தான்: "வெள்ளை நீலம், வெள்ளை ஆரஞ்சு, வெள்ளை பச்சை, வெள்ளை பழுப்பு, வெள்ளை சாம்பல்." அடுத்து சிவப்போடு அதே ஐந்து. பிறகு கறுப்பு, மஞ்சள், ஊதா. ஐயைந்து இருபத்தைந்து ஜோடி. இருட்டிலும் டார்ச் வெளிச்சத்தில் இந்த வரிசை தடுமாறக் கூடாது என்பது பெரியவரின் கண்டிப்பு.

கணக்குப் பிரிவுக் கம்ப்யூட்டருக்கு எக்ஸ்டென்ஷன் வழியாக இன்டர்நெட் கொடுக்க வேண்டும். அதுதான் அன்றைய வேலை. பையன் மோடத்தின் வயரை மேனேஜர் மேஜைப் போனின் சாக்கெட்டில் செருகப் போனான். பெரியவர் சட்டென்று அவன் கையைப் பிடித்துவிட்டார்.

"அது டிஜிட்டல் போர்ட்டுடா. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். மோடத்தைச் சொருகினா கருகிப் போயிரும்."

சாதாரணப் போன் ஓடுகிற அனலாக் எக்ஸ்டென்ஷன் ஒன்றிலிருந்து புது ஜம்பர் இழுத்தார்கள். க்ரோன் டூலை வைத்து அழுத்தினால் ஒரு 'டக்'. கம்பி உள்ளே அமர்ந்து, மிச்ச நுனியும் வெட்டுப்பட்டுவிடும். சால்டரிங் வேண்டியதில்லை.

மோடமோ டயல் டோன் இல்லை என்றே அடம்பிடித்தது. "போன்ல நல்லா கேக்குதுங்ணா!" என்றான் பையன். பெரியவர் டெஸ்ட் போனை என் காதில் வைத்தார். முதலில் எக்ஸ்டென்ஷன் டோன், விட்டுவிட்டு மெலிதாக. பிறகு 0 அழுத்தி வெளி லைன், அடித்தொண்டையில் உறுமுவது போல. நம் ஊர் எக்ஸ்சேஞ்ச் டோன் 400 ஹெர்ட்ஸ். அதன்மேல் 25 ஹெர்ட்ஸ் ஏறியிருப்பதால் வருகிற உறுமல் அது. நமக்கு இரண்டும் டயல் டோன்தான். மோடம் விடாத ஒலியை எதிர்பார்க்கிறது. விட்டுவிட்டு வருவதை அது கணக்கில் எடுப்பதில்லை. இத்தனை வருடம் போன் பேசியும் இந்த வேறுபாட்டை அன்றுதான் கேட்டேன்.

மோடத்தின் கட்டளையில் எக்ஸ்3 சேர்த்தார். டோனுக்குக் காத்திராமல் டயல் செய் என்று அதற்குப் பொருள். 0-க்குப் பின் ஒரு கமா போட்டார். வெளி லைன் கிடைக்க இரண்டு விநாடி அவகாசம் அது. மறுமுனை மோடம் 2100 ஹெர்ட்ஸில் நீளமாகக் கூவி, பிறகு இரைச்சல் கிளம்பியபோது பையன் முகம் மலர்ந்துவிட்டது.

பத்தே நிமிடத்தில் அறுந்தது. யாரோ அந்த எக்ஸ்டென்ஷனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெட்டி நடுவில் ஒரு 'பீப்' கொடுத்திருக்கிறது. பேசுகிறவருக்கு உதவியான அந்தச் சத்தம் மோடத்தின் பேச்சைக் கலைத்துவிடுகிறது. ஆபரேட்டர் போனிலிருந்து அந்த எண்ணுக்கு மட்டும் குறுக்கீட்டைத் தடுத்துவைத்தார் பெரியவர். வேகம் 31.2 கேபிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவில்லை. மோடத்தில் 56 என்று அச்சிட்டிருந்ததைக் காட்டிக் கணக்காளர் குறைபட்டார். இடையில் இந்தப் பெட்டி இருக்கிறதே, அது சத்தத்தை இன்னொரு முறை எண்ணாக்கித் திருப்புகிறது, அதனால் 56 வராது என்று பெரியவர் நிதானமாக விளக்கினார். தெரியாதவரிடம் பொறுமையாகப் பேசுவதும் இந்தத் தொழிலில் பாதி என்று எனக்குத் தோன்றியது.

எஸ்டிடி பில்லுக்காகப் பெட்டியின் சீரியல் போர்ட்டைக் கம்ப்யூட்டரோடு சேர்த்தது சீக்கிரம் முடிந்தது. 2-ம் 3-ம் குறுக்கே மாறிய கேபிள், 9600 வேகம், அவ்வளவுதான். யார் எந்த எண்ணை எத்தனை நிமிடம் அழைத்தார் என்பது வரிவரியாகத் திரையில் இறங்கியது.

கிளம்பும்போது மழை இருட்டியிருந்தது. பெரியவர் வெளியே போய் எர்த் குழியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். பையன் மாட்யூலின் தூசியைத் துடைத்து, புது ஜோடிக்கு நேரே பென்சிலால் எழுதினான்: கம்ப்யூட்டர், தொடாதீங்க.