விரல் நிமிருமா?

நோய்களுக்குள் பக்கவாதத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது புகுந்த வீட்டுக்கு ஜோசியர்கள் அழைக்காமலே வந்து சேருவார்கள். சென்ற ஆண்டு என் அத்திம்பேரின் வலது கையும் காலும் ஓர் இரவில் செயலற்றுப் போனபோது, "ஒரு மண்டலத்தில் எழுந்து நடப்பார்" என்றார் ஒருவர். "இனி அவ்வளவுதான், மனத்தைத் தேற்றிக் கொள்ளுங்கள்" என்றார் இன்னொருவர். மாமிச வாசனையே அறியாத எங்கள் குடும்பத்துக்குப் புறா இறைச்சியைச் சிபாரிசு செய்த புண்ணியவானும் இருந்தார். எல்லாரும் நல்லெண்ணத்துடன்தான் சொன்னார்கள். ஆனால் வாழ்நாள் முழுவதும் சித்திர உபாத்தியாயராக இருந்தவருக்கு வலது கை திரும்புமா என்பது, திண்ணைப் பேச்சில் தீர்த்துவிடக் கூடிய விஷயமா?

வந்தது மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு. அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அவருக்கோ தூக்கத்தில் வந்தது. எத்தனை மணிக்கென்று யார் சொல்வது? அடைபட்டது சிறிய குழாயாதலால், கம்பியைச் செலுத்தி அடைப்பை எடுக்கும் சிகிச்சைக்கும் இடமில்லை. மாத்திரைகளைக் கொடுத்துக் காத்திருந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டரம்மாள் வந்தார். வயது முப்பதுக்கு மேல் இராது. கருவி ஒன்றும் கொண்டு வரவில்லை. "கையைப் பக்கவாட்டில் தூக்குங்கள்" என்றார். தோள் சற்றே அசைந்தது. "விரல்களை நீட்டுங்கள்" என்றார். மடங்கிக் கிடந்தவற்றுள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும், விருப்பமில்லாதவை போலச் சிறிது நிமிர்ந்தன. "நல்லது" என்று குறித்துக் கொண்டார்.

அந்த இரண்டு அசைவுகளில் அப்படி என்ன இருக்கிறது? மூளையிலிருந்து கைக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்புப் பாதை முற்றும் அறுந்துவிடவில்லை என்பதற்கு அவை சாட்சி. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 72 மணி நேரத்துக்குள் இரண்டும் சிறிதேனும் தென்பட்டால், ஆறு மாதத்தில் கையின் பயன் ஓரளவேனும் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு 98. இரண்டும் இல்லையேல் 25. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் காத்தி ஸ்டினியர் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். தோளுக்கு ஐந்து, விரலுக்கு ஐந்து என்று மதிப்பெண் இடுகிறார்கள். குறைவாகப் பெற்றவரின் தலைமேல் காந்தத் துடிப்பைச் செலுத்திக் கையின் தசை துள்ளுகிறதா என்று பார்க்கிறார்கள். துள்ளினால், கை மரக்கட்டை போல் கிடந்தாலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அந்தக் கருவி இல்லை. தோளும் விரலும் இருந்தன.

அடுத்த கட்டிலில் வெற்றிலைக் கடைக்காரர் ஒருவர். அவருடைய விரல்கள் ஒன்பதாம் நாளும் அசையவில்லை. அவர் மனைவி என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "உங்க ஐயாவுக்கு நல்லபடியாச் சொன்னாங்களே, எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தானே?" என்று கேட்டார். அதே நெதர்லாந்துக் கணக்கில் இதற்கும் விடை இருக்கிறது: ஒன்பதாம் நாளும் அசைவில்லையேல் நூற்றுக்கு 14. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நான் அல்லன். டாக்டரம்மாள் அவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு சொன்னார்: "வலது கை பழையபடி வேலைக்கு வருவது கடினம், அம்மா. நடப்பார் என்று நினைக்கிறேன். இடது கையால் வெற்றிலை மடிக்க இன்றே பழக்குவோம். தூக்கும்போது மட்டும் அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும்." அந்த அம்மாள் அழுதார். பிறகு, தோளை எப்படித் தாங்குவது என்று கேட்டார். போலி நம்பிக்கை கொடுத்திருந்தால் அந்தக் கேள்வி பிறந்திராது என்பது என் அபிப்பிராயம்.

என் அக்காளோ அவரை முதல் நாளே எழுப்பி நடத்திவிடத் துடித்தாள். ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2015-ல் வெளியான சோதனையின் முடிவு அதற்கு மாறானது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடமாட விடப்பட்டவர்களைவிட, வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களே மூன்று மாதத்தில் சற்று மேலாக இருந்தார்கள். வீட்டாரைப் பழக்கிவிட்டால் போதும் என்பதும் நிலைக்கவில்லை. நம் நாட்டிலேயே 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் வேறுபாடு தென்படவில்லை என்பது 2017-ல் வந்த முடிவு. இதை நான் சொன்ன பிறகு அக்காள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆயினும் கை, வேலை செய்துதான் வேலை கற்க வேண்டும். மீட்சி வேகமாக நடைபெறுவது முதல் சில மாதங்களில். எண்ணெய் தேய்ப்பது இதமாயிருக்கலாம். மூளைக்கு அது பாடம் ஆகாது. டம்ளரை எடுத்து வைப்பதும் சட்டைப் பித்தானைப் போடுவதும் தினந்தோறும் பல தடவை நடக்க வேண்டும். இதில் நோயாளியைவிட அதிகப் பொறுமை வேண்டியவர், உதவாமல் பார்த்துக்கொண்டிருப்பவர். "பேரக் குழந்தைகள் எதிரில் எனக்கு ஊட்டாதே" என்று அத்திம்பேர் ஒருநாள் சொல்லிவிட்டார். அதுமுதல் அக்காள் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். தரையில் சிந்தும் சோற்றைப் பார்க்க மாட்டாள். இரண்டாம் மாதம் அவர் ஒருவரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பிடிவாதம் என்றார்கள் வந்தவர்கள். பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு வரும் மனச்சோர்வு அது. அதற்கும் சிகிச்சை உண்டு, நடந்தது.

மறுபடி வராமலிருக்க இரத்த அழுத்தத்தைத் தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நோட்டுப் புத்தகத்துக்குக் கட்டம் போடுபவர் இப்பொழுது அத்திம்பேர்தான். இடது கை அளவுகோலை அழுத்திப் பிடிக்கிறது. வலது கை பென்சிலை இழுக்கிறது. காலைக்கான கட்டம் அகன்று, மாலைக்கானது குறுகிப் போவதால், அக்காள் மாலை எண்களை மட்டும் சற்று நெருக்கி எழுதுகிறாள்.