சொன்னது, நடந்தது

திருச்சி சிங்காரத்தோப்புக் கடைத் தம்பி என் போனை வாங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தான். கம்பெனிப் பெயர் வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. மூன்று சுற்று பார்த்தான். போனைத் திருப்பி, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவினான். சார்ஜர் வயரில் ஒரு சின்ன மீட்டரைக் கோத்து எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்தான்.

"போர்டு நல்லாருக்கு சார். லோகோலயே நிக்குது. சாஃப்ட்வேர் கேஸு."

"சாஃப்ட்வேர் போட முடியாதா?"

"அரை மணி நேரத்துல போட்டுத் தர்றேன். உள்ள இருக்கறது எல்லாம் போயிரும், பரவால்லியா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. நான்கு வருடப் பயணங்களில் எடுத்த படங்களும் பேட்டி ஒலிப்பதிவுகளும் அதில்தான் இருந்தன. தயங்கித் தயங்கி, "இது ரூட் பண்ணின போன்" என்றேன்.

"அத மொதல்லயே சொல்லணும்ல சார்!" போன் என் கைக்கே திரும்பி வந்தது. "ரூட் கேஸுன்னா நாங்கல்லாம் ஸ்ரீரங்கத்து அக்காகிட்டதான் அனுப்பறது. ஒண்ணாம் நம்பர்ல ஏறுங்க. ராஜகோபுரத்துல எறங்கி போன் போடுங்க." யாருடைய போனில் இருந்து என்று நான் கேட்கவில்லை. அவனே தன் போனில் அழைத்து விவரம் சொல்லிவிட்டான்.

தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள இந்தக் கடைகளில் கண்ணாடி உடைந்தால் மாற்றுவார்கள், சார்ஜிங் பின்னை மாற்றுவார்கள், தண்ணீரில் விழுந்த போர்டைச் சூடுகாற்றில் உலர்த்தி உயிர் கொடுப்பார்கள். கையில் பிடிக்கக்கூடிய பழுது அது. என்னுடையது வேறு. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, அந்த அக்காவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரூட் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். அதில் எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரம் உள்ள பயனருக்கு ரூட் என்று பெயர். போன் வாங்கியவருக்கு அந்த அதிகாரத்தை யாரும் தருவதில்லை; வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொள்வது போல. போனைக் கிளப்பும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்து, பூட் இமேஜைத் திருத்தி அந்த அறைச் சாவியை எடுத்துக்கொள்வதுதான் ரூட் செய்வது. நான் எடுத்தது ஓர் அற்பக் காரணத்துக்காக. போனில் வந்த தமிழ் எழுத்துரு எனக்குப் பிடிக்கவில்லை. சிஸ்டம் பகுதிக்குள் போய் அந்த ஒரு ஃபைலை மாற்றி, எனக்குப் பிடித்ததை வைத்தேன்.

அக்கா இருந்தது உத்திர வீதியில், திண்ணை வைத்த பழைய வீட்டின் முன்னறையில். பெயர்ப் பலகை கிடையாது. ஒரு மேசை, இரண்டு லேப்டாப், வெவ்வேறு நீளத்தில் ஒரு கொத்து யூ.எஸ்.பி. கேபிள். நாற்பதைத் தாண்டியவர். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. அவருடைய அப்பா திருச்சிக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். நகைக்கடைகளில் வைரம் போல மின்னும் அந்தச் செயற்கைக் கற்களைக் குடிசைத் தொழிலாகத் தீட்டிய குடும்பங்கள் இந்த ஊரைச் சுற்றி நிறைய உண்டு. மெஷின் கல் வந்ததும் அந்த வேலை சுருங்கியது. "கல்லுல ஒரு முகம் தப்பாப் போச்சுன்னா திரும்ப ஒட்ட முடியாது சார். அதனால அப்பா தீட்டறதவிடப் பாக்கறதுதான் அதிகம்" என்றார். அவரும் உடனே போனைத் தொடவில்லை. நீளமான கணக்கு நோட்டு ஒன்றை விரித்தார்.

"என்ன ஆச்சு?"

"அப்டேட் வந்தது. தானா ஃபெயில் ஆச்சு. அப்புறம் ஆன் ஆகல."

"நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

"இல்லை."

எழுதிக்கொண்டார். பிறகு வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, லேப்டாப்பிலிருந்து கட்டளை வாங்கும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுபோனார். கறுப்புத் திரையில் சின்ன எழுத்துகள். லேப்டாப்பில் கட்டளை தட்டினார். தற்காலிகமாக ஒரு ரெக்கவரியை ஏற்றினார். போனில் எதையும் எழுதாமல் நினைவகத்தில் மட்டும் ஓடும் ரெக்கவரி அது. என்னிடம் பின் நம்பர் கேட்டார். சில நிமிடம் கழித்து லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். இரண்டு நீண்ட வரிகள், எழுத்தும் எண்ணுமாக.

"உங்க போன்ல ஏ, பி-ன்னு ரெண்டு ஸ்லாட் இருக்கு. ஒண்ணுல நீங்க போன் யூஸ் பண்ணிட்டு இருக்கும்போதே இன்னொண்ணுல புதுசு ஏறும். புதுசு கிளம்பலன்னா போன் தானா பழசுக்குத் திரும்பிரும். ஆனா உங்களுக்கு ரெண்டு ஸ்லாட்லயும் ஒரே பூட் இருக்கு. அப்டேட் இப்படிப் பண்ணாது சார். இது கை பண்ணின வேலை."

சொல்ல வேண்டியதாயிற்று. அப்டேட் இறங்கியது, சரிபார்க்கும் கட்டத்தில் நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் நள்ளிரவில், என் மாடல் பெயர் போட்ட பூட் இமேஜ் ஒன்று எங்கோ கிடைத்தது. எந்த ஸ்லாட்டில் போடுவது என்று தெரியாமல் இரண்டிலும் போட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். "எல்லாரும் அப்படித்தான்" என்று மட்டும் சொன்னார்.

அப்டேட் முதலில் ஏன் நின்றது என்பதை அவர் விளக்கியபோதுதான், அது பழுதே இல்லை என்று புரிந்தது. முன்பு அப்டேட் ஃபைல் ஃபைலாகத் திருத்தும். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5-லிருந்து கணக்கு மாறிவிட்டது. சிஸ்டம் பகுதி முழுவதையும் ஒரே துண்டாக எடுத்துக்கொண்டு, பழைய துண்டுக்கும் புதிய துண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறார்கள். கம்பெனி அனுப்பிய நிலையிலேயே பழையது இருந்தால்தான் அந்த வித்தியாசம் பொருந்தும். அதனால் எழுதுவதற்கு முன் அப்டேட் பழையதன் கைரேகையைப் பார்க்கிறது. ஃபைலை மாற்றக்கூட வேண்டாம், சிஸ்டம் பகுதியை எழுதும் உரிமையோடு ஒரு தடவை திறந்திருந்தாலே ரேகை மாறிவிடும். நான் எழுத்துருவையே மாற்றி வைத்திருந்தேன். போன் பழுதாகவில்லை. எனக்கு 'இல்லை' என்று பதில் சொன்னது. அந்தப் பதிலைக் கேட்காமல் நள்ளிரவில் நான் கதவை உடைத்தேன்.

ரிப்பேர் என்றால் முன்னே தள்ளுவது என்று நினைத்திருந்தேன். அவர் பின்னே போனார். பழைய ஸ்லாட்டில் இருந்த பில்டு நம்பரைப் படித்து, அதே நம்பர் கொண்ட கம்பெனி ஃபைலைத் தேடினார். "மாடல் பேர் ஒண்ணா இருந்தா போதாது. பில்டு நம்பர் ஒரு இலக்கம் மாறினாலும் அது வேற வீட்டுச் சாவி." ஒரு ஜி.பி.க்கு மேல் இறங்க வேண்டும். இறங்கியதும் அதன் எஸ்.எச்.ஏ-256 ரேகையைக் கணக்கிட்டார். 64 எழுத்து. கம்பெனி வெளியிட்ட 64 எழுத்தோடு பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார்.

"பேரு சரியா இருக்கே, போதாதா?" என்றேன்.

"உங்களுக்கு ஸ்ரீரங்கத்துக் கதை தெரியாதா?" என்று சிரித்தார்.

தெரிந்த கதைதான். 1323-இல் டில்லிப் படை வந்தபோது கோயிலின் உற்சவரைக் காப்பாற்ற எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர் ஊராகச் சுற்றி அவர் திரும்பி வந்தது 1371-இல். அதற்குள் இங்கே வேறு உற்சவரை வைத்துப் பூசை நடந்துகொண்டிருந்தது. எவர் முதலில் இருந்தவர் என்று சொல்ல, பார்த்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. கண் தெரியாத வயதான சலவைத் தொழிலாளி ஒருவர், பெருமாளின் ஈர ஆடையைத் துவைத்தவர், இருவருக்கும் திருமஞ்சனம் செய்த ஈரத் துணியின் நீரை வாயில் விட்டுப் பார்த்து, "இவரே நம்பெருமாள்" என்றார் என்பது ஊர் சொல்லும் கதை. அந்தப் பெயரே நிலைத்தது. மற்றவரையும் அனுப்பிவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்று அவரும் இன்றுவரை உள்ளே இருக்கிறார்.

"ஃபைல் பேரப் பாக்காதீங்க சார். தீர்த்தத்தக் குடிச்சுப் பாருங்க" என்றார் அக்கா.

அடுத்த கட்டத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். கம்பெனி ஃபைலோடு, எல்லாவற்றையும் தானாகப் போடும் ஸ்கிரிப்ட் ஒன்று வருகிறது. அதன் கடைசி வரியை நோட்பேடில் திறந்தார். ஒரு கோடும் டபிள்யூ என்ற எழுத்தும். "இது இருந்தா பயனர் பகுதிய முழுக்கத் துடைச்சிரும். அரை மணி நேரத்துல முடிக்கறவங்க இத அப்படியே ஓட்டிருவாங்க. உங்க நாலு வருஷம் இந்த ஒரு எழுத்துலதான் இருக்கு." அதை நீக்கியும் அவர் ஸ்கிரிப்டை நம்பவில்லை. ஒவ்வொரு பகுதியாகக் கையால் தட்டினார்: பூட், பிறகு சிஸ்டம், பிறகு பழைய ஸ்லாட்டை நடப்பு ஸ்லாட்டாக அறிவிப்பது. ஒவ்வொரு வரிக்கும் 'சரி' என்ற பதில் வரும்வரை கை கேபிளின் மேலேயே இருந்தது. எழுதும் நடுவில் கேபிள் ஆடினால் பாதி பழசு, பாதி புதுசு என்றாகிவிடும். அவருடைய வீட்டில் பூனைக்கு முன்னறையில் அனுமதி இல்லை.

லோகோ வந்தது. நின்றது. நான் மூச்சைப் பிடித்தேன். அவர் உள்ளே போய்க் காபி கொண்டுவந்து வைத்தார். காபி ஆறுவதற்குள் பூட்டுத்திரை வந்துவிட்டது. படங்கள் இருந்தன, ஒலிப்பதிவுகள் இருந்தன. எனக்குப் பிடிக்காத அந்தத் தமிழ் எழுத்துருவும் திரும்பி வந்திருந்தது. அப்டேட்டைத் தட்டினேன். முரண்டு பிடிக்காமல் ஏறியது.

"மறுபடி ரூட் வேணுமா?"

எழுத்துருவைப் பற்றிச் சொன்னேன். அதற்கு சிஸ்டத்தைத் தொடவே வேண்டாம் என்றார். 2016-இல் தைவான்காரர் ஜான் வூ வெளியிட்ட மேஜிஸ்க் என்ற ரூட் கருவி வந்த பிறகு, மாற்றங்களை பூட் நேரத்தில் மேலே போர்த்திக் காட்டலாம்; அடியில் உள்ளது அப்படியே இருக்கும். "பெருமாளுக்குச் சாத்துப்படி பண்ற மாதிரி. அலங்காரம் மேல, திருமேனி அப்படியே." அதோடு ஒரு வரிசையையும் மனப்பாடம் செய்யவைத்தார். அப்டேட் வந்தால் முதலில் மேஜிஸ்கில் பழைய இமேஜை மீட்க வேண்டும். பிறகு அப்டேட்டை ஏற்ற வேண்டும். ரீஸ்டார்ட் கேட்கும், தொடக் கூடாது. மேஜிஸ்குக்குத் திரும்பி, ஓடாத ஸ்லாட்டில் நிறுவிவிட்டு, அதன் பிறகே ரீஸ்டார்ட். "அந்த பட்டன அவசரப்பட்டு அமுக்கறவங்கதான் என்னோட பாதி கஸ்டமர்."

மீதிப் பாதியும் குறைந்துகொண்டு வருகிறது. முன்பு கம்பெனி கைவிட்ட போனில் புது ஆண்ட்ராய்டு பார்க்க, சயனோஜென்மாட் மாதிரி மாற்று ஆண்ட்ராய்டு ஏதாவது போட்டுக்கொள்ளக் கல்லூரிப் பையன்கள் வரிசையில் வருவார்களாம். இப்போது பிக்ஸல் 8, கேலக்ஸி எஸ்24 போன்ற போன்களுக்குக் கம்பெனியே ஏழு வருட அப்டேட் தருவதாகச் சொல்கிறது. பூட்லோடர் திறந்திருந்தால் பேங்க் ஆப்கள் பல முகம் திருப்பிக்கொள்கின்றன. டீக்கடையில்கூட ஸ்கேன் செய்து பணம் கொடுக்கும் ஊரில் அது பெரிய இழப்பு. அவர் தொடாத வேலைகளும் உண்டு. பில் இல்லாமல் பூட்டோடு வரும் போனைத் தொடுவதில்லை. பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் எண் உள்ள மாடல்களில் பழைய பதிப்பைப் போடுவதில்லை. போட்டால் சார்ஜ் விளக்குகூட எரியாமல் செத்துப்போகும்.

நானூறு ரூபாய் கேட்டார். நாலு மணி நேரம் ஆகியிருந்தது. "டிஸ்ப்ளேக்கு ரெண்டாயிரம்னா பேசாம குடுப்பாங்க. இதுக்கு மட்டும், பார்ட்ஸ் எதுவும் மாத்தலியேம்மாம்பாங்க" என்றபடி நோட்டை எடுத்தார்.

அப்போதுதான் அதன் பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். செங்குத்தாக இரண்டு கோடு போட்டு மூன்றாகப் பிரித்திருந்தார். மேலே தலைப்பு: சொன்னது, நடந்தது, போட்டது. முதல் பத்தியில் ஏறக்குறைய எல்லா வரியும் ஒரே கையெழுத்தில் ஒரே வாக்கியம்: தானா ஆயிருச்சு. தானா ஆயிருச்சு. தானா ஆயிருச்சு. என்னுடைய வரியிலும் அதுவேதான். நடுப்பத்தி காலியாக இருந்தது.

"நீங்களே எழுதிருங்க" என்று பேனாவைக் கொடுத்தார்.

இரண்டு ஸ்லாட்டிலும் தப்பான பூட் இமேஜ் போட்டேன், அதற்கு முன் எழுத்துருவை மாற்றினேன் என்று எழுதினேன். எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, 'அதற்கு முன்' என்பதன் கீழே ஒரு கோடு இழுத்தார்.