கோட்டோரக் கொடி

ட்ரில் மாஸ்டர் என்றுதான் அவரைச் சொல்வோம். 31 வருஷம் எங்கள் வட்டாரத்துப் பள்ளிக்கூடக் கால்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதியவர். ஆட்டத்தன்று விடியற்காலையில் சுண்ணாம்புத் தூள் வாளியுடன் மைதானத்துக்கு வந்து கோடுகளைத் தானே போடுவார். பொங்கலுக்குச் சுற்றுக் கிராமங்களில் கபடிக்கும் அவர்தான். கொடுக்கிற படி பஸ் செலவுக்குக் காணாது. தோற்ற ஊர்க்காரர்கள் திட்டுவார்கள். மறு வருஷமும் அவரையே கூப்பிடுவார்கள்.

நடுவரின் நிலை விசித்திரமானது. பந்து அவர் மேல் பட்டுக் கோலுக்குள் போனால் அதுவும் கோல்தான் என்று நெடுங்காலம் இருந்தது. 2019-ல்தான் விதியை மாற்றினார்கள். அதுவரை சட்டத்தின் கண்ணில் அவரும் கம்பத்தைப் போல ஒரு பொருள். அந்தப் பொருள்தான் தீர்ப்பும் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது 15 வயது. மாவட்ட ஆட்டங்கள் எங்கள் மைதானத்தில் நடந்தன. எங்கள் பள்ளி முதல் நாளே தோற்றுவிட்டதால் இறுதி ஆட்டத்தில் கோட்டோரக் கொடி என் கைக்கு வந்தது. ஆடிய இரண்டு பள்ளிகளில் ஒன்றில் என் அத்தை மகன். இடைவேளையில் பெய்த மழையில் கோல் கோடு பாதி கரைந்திருந்தது. அவன் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதிக் கீழே விழுந்தது, கோல்கீப்பர் அள்ளிக்கொண்டான். பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் கோல். தாண்டவில்லை. நான் பார்த்தேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். கோல் என்றால் கொடியைத் தாழ்த்தி மையக் கோட்டை நோக்கி ஓட வேண்டும். ஓடினேன். விசில் கேட்டது.

1966 ஜூலை 30 அன்று வெம்ப்ளியில் ஹர்ஸ்ட் அடித்த பந்தும் இப்படித்தான் கம்பத்தில் பட்டு விழுந்தது. ஸ்விஸ் நடுவர் டீன்ஸ்ட், கோட்டோரத்தில் நின்ற அஸர்பைஜான்காரர் பஹ்ராமோவிடம் போய்க் கேட்டார். கோல் என்று முடிவாயிற்று. இங்கிலாந்து 4-2 என்று ஜெயித்தது. விவாதம் இன்னும் தீரவில்லை. பாக்குவில் ஒரு மைதானத்துக்குப் பஹ்ராமோவின் பெயர் வைத்துச் சிலையும் எழுப்பியிருக்கிறார்கள். அவர் தவறியிருந்தாலும், பார்த்ததாக நம்பியதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். என் விஷயம் வேறு.

சென்ற வருஷம் ஊருக்குப் போனபோது மாஸ்டரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுத் திண்ணையோடு இருக்கிறார். "ஸார், அன்னிக்குப் பந்து தாண்டல்லே" என்றேன். எந்த அன்று என்று அவர் கேட்கவில்லை.

"நீ ஓடினே. ஊதினது நான். நான் கிட்டப் போயிருக்கணும். மூச்சு வாங்கிச்சு, பாதியிலே நின்னுட்டேன்."

சற்றுப் பொறுத்து, "பந்தை நடுவிலே வெச்சு மறுபடி ஆரம்பிச்சாச்சுன்னா மாத்த முடியாதுடா, அதான் விதி" என்றார். பிறகு கேட்டார்: "தோத்த பசங்க பேர் ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஒரு பெயர்கூட ஞாபகமில்லை. அவர் கோல்கீப்பரில் ஆரம்பித்து 11 பெயரையும் சொன்னார்.

இதை எழுதக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். தேறியவை இரண்டு கவிதைகள். அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு பக்கம் எழுதி, மற்றவற்றைப் பற்றி வாய் திறக்காமல் முடித்தேன். பொய் என்று ஒரு வரியைக் காட்ட முடியாது. கொடியைத் தாழ்த்திக்கொண்டு ஓடியதில்கூடப் பொய்யான வார்த்தை எதுவும் இல்லையே. அதே மாதம் முன்பின் தெரியாத இளைஞர் ஒருவரின் தொகுதியும் தபாலில் வந்தது. நல்ல தொகுதி. அதைப் பற்றி நானும் எழுதவில்லை, வேறு எவரும் எழுதவில்லை.

ஆட்டம் மறுபடி துவங்கிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று சொல்லிக்கொள்ள விமர்சகனுக்கு விதி ஏதும் இல்லை. இரண்டு புத்தகங்களையும் மேஜை மேல் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த இதழுக்கு எழுதி அனுப்ப வேண்டும். நண்பர் பேசாமலிருப்பார் என்பது தெரியும்.