ரெட்டிச்சில் பிறந்த புல்லட்டும் செஞ்சிப் பட்டறையும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலை செஞ்சிக் கோட்டையை ஒட்டிச் செல்லும் இடத்தில், சாலையோரப் பட்டறைகளுக்கு வரும் இருசக்கர வண்டிகளுள் பழைய 350 சி.சி. புல்லட்டுக்குத் தனி மரியாதை உண்டு. ஆயினும் உரிமையாளர் அதை விற்க முற்படும்போது, வண்டி நன்றாக ஓடுகிறது என்பது மட்டும் போதாமல், அது எங்கே பிறந்தது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான ராயல் என்ஃபீல்டு புல்லட், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் ஏற்பட்ட கூட்டால் என்ஃபீல்டு இந்தியா என்னும் பெயரில் திருவொற்றியூரில் வேரூன்றியது. 1970இல் மூல நிறுவனம் மறைந்த பிறகும் அதே 70 மில்லிமீட்டர் துளையும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட எஞ்சின் இங்கே பல பத்தாண்டுகள் வார்க்கப்பட்டதால், ஆங்கிலேய வண்டியின் தேய்ந்த உறுப்புக்கு ஈடாக இந்திய உறுப்பைப் பூட்டுவது எளிதாயிற்று. வண்டி சாகாமல் பிழைத்ததற்கும், அதன் தூய்மையைக் காட்டுவது கடினமானதற்கும் காரணம் இதுவே.

களப்பார்வையின்போது கண்ட பட்டறையொன்றில், மூத்த மெக்கானிக் சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவில் வந்து நின்றதும், உருளையின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் சற்றே இறக்கிவிட்டு, லிவரை விடுவித்தபின் ஒரே உதையில் எஞ்சினை எழுப்பினார். வாங்குவோரை மயக்குவது இந்த உதையும் அதைத் தொடரும் ஓசையும்தான் என்றாலும், விலையை முடிவு செய்பவை எஞ்சின் எண்ணும் சட்டகக் கழுத்தில் பொறித்த சேசிஸ் எண்ணுமே. அவ்விடத்துப் பெயின்ட்டைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பதிவை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டபோது, ஓர் இலக்கம் மட்டும் மற்றவற்றினும் ஆழமாகப் பதிந்திருந்தது. பின்னாளில் தட்டப்பட்டதோ என்ற ஐயத்தை எழுப்ப அது போதும்.

2021ஆம் ஆண்டு நடுவண் மோட்டார் வாகன விதித் திருத்தம், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, சட்டகத்திலும் எஞ்சினிலும் பெருமாற்றம் இல்லாத வண்டியைத் தொன்மை வாகனமாக ஏற்று, 'வி.ஏ.' என்னும் எழுத்துகளுடன் பத்தாண்டுப் பதிவு வழங்குகிறது. இதற்குக் கட்டணம் ரூ.20,000. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அதைச் சாலையில் ஓட்டலாம் என்பதால், வாரச்சந்தைக்கும் வயலுக்கும் புல்லட்டில் போகும் செஞ்சிக்காரருக்கு இப்பதிவு உகந்ததன்று.

வண்டியை ஓடவைத்த மெக்கானிக்கின் கைத்திறனே அதன் மூலத்தன்மையையும் குறைத்திருக்கிறது. ஆகவே விற்பவரிடம் பட்டறைக்காரர் முதலில் கேட்பது, முன்பு கழற்றிய ஆமல் கார்புரேட்டர் வீட்டில் இருக்கிறதா, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விட்டதா என்பதே. அதைச் சாக்கில் முடிந்து பரணில் போட்டிருப்பவர், பேரத்தின்போது அச்சாக்கையும் வண்டியோடு கொண்டுவருகிறார்.