அறுபதுக்குப் பின்னும் அலுவலகம்



அறுபதைக் கடந்த ஒருவர் ஓய்வை நாடாது மீண்டும் முழுநேரப் பணிக்குச் செல்வதைக் கண்டால் பேராசை எனக் கருதிவிடாதீர்கள்.

ஷார்ஜாவில் 28 ஆண்டுகள் கணக்கராகப் பணிபுரிந்து விலகிய நான், சில மாதங்கள் பகுதிநேரமாகக் கணக்கெழுதி வந்தேன். இப்பொழுது மீண்டும் காலை எட்டு மணிக்கு அலுவலகம் செல்கிறேன். அமீரகத்தில் நம் போன்றோர்க்கு மாதாந்திர ஓய்வூதியம் இல்லை. பொதுவாகக் கிடைப்பது பணிக்கொடைதான். முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் ஊதியம். அதன் பின்னர் 30 நாள். அதுவும் அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படும். வீட்டுப்படியும் பயணப்படியும் சேரா. மொத்தத் தொகை ஈராண்டு ஊதியத்தைத் தாண்டவும் கூடாது.

எனக்குக் கிடைத்த தொகை வீட்டுக் கடனுக்கும் இளைய மகனின் படிப்புக்கும் சென்றது. 55 வயதைக் கடந்தோர்க்கு ஓய்வுக்கால விசா உண்டு; ஆயினும் அதற்குப் பெருஞ்சேமிப்போ, சொத்தோ, நிலையான வருமானமோ காட்ட வேண்டும்.

"இன்னும் இரண்டே ஆண்டுகள், அதற்குமேல் ஒரு நாளும் வேண்டாம்" என்று சொல்லித்தான் ஊரிலுள்ள என் மனைவி இசைந்தாள். அந்த நாளை இருவருமே குறித்து வைத்துள்ளோம், இன்ஷா அல்லாஹ்.

பிள்ளைகளை அயல்நாடு அனுப்பும் பெற்றோரே! மொத்தச் சம்பளத்தைக் கேட்டு மகிழ்வதோடு நில்லாமல், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்றும் கேளுங்கள். முதல் மாதத்திலிருந்தே ஒரு பங்கை முதுமைக்கென ஒதுக்கச் செய்யுங்கள். ஊர் திரும்பும் நாளை அவர்கள் முடிவு செய்யட்டும். பணமுடை முடிவு செய்ய வேண்டாம்.