உயிர் ஓர் அமானிதம்

ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை என நம் டெல்டா ஊர்களில் ஆண்கள் பலர் கடல்கடந்து உழைப்பதால், பெண்களின் நோவுகளை வீட்டிலிருக்கும் நாமே கேட்டறிகிறோம். அவற்றுள் வாய்விட்டுச் சொல்லப்படாதது, மருத்துவர் தந்த மாத்திரைகளால் கரு கலைந்தபின் வரும் உதிரப்போக்கு.

இரண்டாம் மருந்தான மிசோப்ரோஸ்டால் எடுத்த சில மணி நேரத்தில் வயிற்றுவலியும் கட்டிகளுடன் மிகுந்த உதிரமும் வரும். பின்னர் தணிந்து, ஏறத்தாழ 2 வாரங்களும், சிலருக்கு ஒரு மாதம் வரையும் சிறிதாக நீடிக்கும். இது இயல்பே.

மணிக்கு 2 பெரிய நாப்கின்கள் வீதம் தொடர்ந்து 2 மணி நேரம் நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, காய்ச்சல் ஒரு நாளைக்கு மேல் நீடித்தாலோ தாமதம் கூடாது. 108ஐ அழைத்து, தஞ்சை ராசா மிராசுதார் போன்ற மருத்துவமனைக்கு விரைவோம். தொழுகை, குளிப்பு பற்றிய மஸ்அலாக்களை ஆலிமாவிடம் பிறகு கேட்கலாம். ஊர் என்ன சொல்லும் என்று மறைத்தால் உயிர் போகும். அதுவோ அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.